ஹாலுக்கு வந்த மீன்தொட்டி

அத்தியாயம் பதினேழு

மீன்தொட்டியை ஹாலுக்கு மாற்ற வேண்டும் என்று அண்ணி மலர்விழி சொன்னபோது தாமரைக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்தனை நாளும் அந்தத் தொட்டி பின்னறையில், தாமரையின் கட்டிலுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது. ஒடுங்கிக் கிடந்தது தொட்டி மட்டுமல்ல. பிரிக்பீல்ட்ஸில் ஜீவனோடு நடத்திய குடும்பம் போதும் என்று ஒற்றைப் பெட்டியோடு கிள்ளானுக்கு வந்து அண்ணன் வீட்டில் இறங்கியவளுக்கு, ‘கொஞ்ச நாளைக்கு’ என்று சொல்லிக் கொடுத்த அறை அது. கொஞ்ச நாள் ஒன்றரை வருஷமாகிவிட்டது. போ என்று யாரும் சொல்லவில்லை. இரு என்றும் யாரும் சொல்லவில்லை.

அண்ணன் சுகுமாறனுக்குத் துறைமுகத்தில் வேலை. வீட்டில் அவன் வாய் திறப்பது சாப்பிடவும் கொட்டாவி விடவும்தான். அப்படிப்பட்டவன், போன புதன்கிழமை சாப்பாட்டு மேசையில் தானாகவே பேசினான். காஜாங்கிலிருந்து மகள் விஷ்ணுப்ரியாவுக்கு வரன் வந்திருக்கிறது, பையன் இன்ஜினியர், ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம், ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள் என்றான்.

“ஃபோட்டோவுல பிள்ளைக்குப் பின்னால மீன் தொட்டி இருந்திச்சே, அது உங்க வீட்டுதானான்னு கேட்டாராம் பையனோட அப்பா. அவரும் மீன் வளர்க்கிறவராம்” என்று மலர்விழி பூரித்துப்போனாள். “அத பின்னால வச்சி என்னா பண்ணுறது? ஹால்ல வச்சாத்தான் வீட்டுக்கே ஒரு களை.”

அந்தப் படத்தைப் பின்னறையில் வைத்து எடுத்தது தாமரைதான். தொட்டியின் விளக்கைப் போட்டு, பிரியாவை அதன் முன்னால் நிறுத்தி, நாலைந்து தடவை எடுத்து, இருப்பதில் நல்லதாக ஒன்றை அனுப்பினார்கள்.

ஹாலுக்குத் தொட்டி போனால், தொட்டியைப் பார்த்துக்கொள்ள அவளும் ஹாலுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? அவள் கணக்கு அப்படி ஓடியது. ஏமாறுகிறவர்கள் கணக்கு எப்போதும் இப்படித்தான் நேராக ஓடும்.

*

ஞாயிற்றுக்கிழமை காலை தாமரை பழைய துண்டால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தொட்டியை வெள்ளிக்கிழமையே மாற்றியாகிவிட்டது. தண்ணீரை வாளிகளில் இறைத்து, மீன்களைத் தனியே எடுத்து வைத்து, மணலைக் கலைக்காமல் தூக்கி, சுகுமாறனுக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். ஒரு நாள் முழுக்கக் கலங்கிக் கிடந்த தண்ணீர் இன்றைக்குத் தெளிந்திருந்தது.

பசியாற உட்காராமல் பிரியா நேரே தொட்டியிடம் வந்தாள். இருபத்தாறு வயதிலும் மீன்களுக்கு விரலைக் காட்டிச் சிரிக்கும் பெண்.

“அத்தை, கோரி மீனெல்லாம் வெளிய வந்திருச்சி! பயந்து ஒளிஞ்சுக்கும்னு நெனச்சேன்.”

“கூட்டமா இருக்கில்ல, அதான். ஒண்ணு ரெண்டா விட்டிருந்தா கட்டைக்கு அடியிலயே கெடக்கும்.”

அந்தத் தொட்டி ஒரே நாளில் வந்ததல்ல. தாமரை இந்த வீட்டுக்கு வந்த புதிதில் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு சனிக்கிழமை பிரியாதான் அவளைக் காடியில் ஏற்றிக்கொண்டு போய் மீன்கடையில் நிறுத்தினாள். கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினார்கள். வரிபோட்ட டைகர் பார்ப் மீன்கள் தோகை வால் கப்பிகளைத் துரத்தித் துரத்தி வாலைக் கடித்தன. குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றியதில் மிச்சமிருந்தவையும் செத்துப்போயின. பிரியா அழுதாள். அவளைச் சமாதானப்படுத்தப் போய்த்தான் தாமரை வெகுநாளைக்குப் பிறகு வாய் திறந்து பேசினாள்.

அப்புறம் இருவரும் நிதானமாக ஆரம்பித்தார்கள். மீனே இல்லாமல் வெறும் தண்ணீரையும் ஃபில்டரையும் ஒரு மாதத்துக்கு மேல் ஓடவிட்டார்கள். மலர்விழி எட்டிப் பார்த்து, “மீனில்லாத தொட்டிக்குக் கரண்டு வேறயா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். தண்ணீர் பக்குவப்பட்ட பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்தார்கள். மணலைத் துழாவிக்கொண்டு அடியில் கிடக்கக் கோரிகள். நடுவில் கூட்டமாய்த் திரிய நீலமும் சிவப்புமாய் நியோன்கள். மேலே சாதுவாக நீந்த, தேன் நிறத்தில் ஒரு கௌராமி ஜோடி. ஒன்றின் இடத்துக்கு ஒன்று போட்டிக்கு வராது. எல்லாவற்றுக்கும் ஒரே பதத்துத் தண்ணீர். வாயில் அடங்குகிற அளவில் ஒரு மீனும், அதை விழுங்குகிற அளவில் இன்னொரு மீனும் ஒரே தொட்டியில் இருக்கக் கூடாது என்பதுதான் தாமரையின் முதல் சட்டம்.

கடையில் பிரியா லோஹான் தொட்டியின் முன்னால் மயங்கி நின்ற நாளும் உண்டு. நெற்றியில் புடைப்பும் பக்கவாட்டில் எழுதியதுபோல் கறுப்புப் புள்ளிகளுமாக அந்தச் சிவப்பு மீன் கண்ணாடியை முட்டிக்கொண்டு வந்தது.

“இது ஒண்ணு வாங்கலாம் அத்தை. செம்ம அழகு.”

“அது தனியா வளர்க்கிற மீன், பிரியா. தொட்டி முழுக்க தன்னோடதுன்னு நெனைக்கும். கூட இருக்கிறத வெரட்டும். சின்னதா இருந்தா முழுங்கிடும்.”

“அப்ப இது எங்கம்மா மாதிரி” என்று பிரியா சொல்ல, கடையென்றும் பாராமல் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒன்றரை வருஷத்தில் தாமரை அப்படிச் சிரித்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

இப்போது பிரியா குரலைத் தாழ்த்தினாள். “அத்தை, அந்த மயில்நீலப் புடவைய கட்டிக்குங்க. அவங்க வரும்போது நீங்க என் பக்கத்துல இருக்கணும்.”

“உங்கம்மா என்னா சொல்லுவாளோ.”

“அம்மா என்னா வேணா சொல்லட்டும் லா. காபி கொண்டு போறப்ப நான் உங்கள கூப்பிடுறேன். நீங்க வரலேன்னா நானும் ஹாலுக்குப் போகமாட்டேன். பத்துமலை முருகன் சத்தியமா.”

சத்தியம் செய்கிற வயதில் சத்தியம் செய்கிறாள் என்று தாமரை விட்டிருக்கலாம். விடவில்லை. முந்தானையில் முடிந்த காசுபோல அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

*

மலர்விழி கெட்டவள் அல்ல. கெட்டவளாக இருந்தால் ஒரு சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். அவள் சிரித்த முகமாகவே ஆளை ஓரங்கட்டுகிற ரகம். நாத்தனாருக்கு வேளாவேளைக்குச் சோறு போடுவாள். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பாள். ஆனால் வீட்டில் நல்லது ஒன்று நடக்கும்போது தாமரைக்குப் பின்கட்டில் ஏதாவது ஒரு வேலை முளைத்துவிடும்.

மத்தியானம் சமையலறையில் கேசரியைக் கிளறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

“தாமரை, ஒனக்குத் தெரியாதது இல்ல. மொத தடவ வர்றாங்க. நல்ல காரியம். வாழ்ந்துகிட்டு இருக்கிறவங்க முன்னால நிக்கிறதுதான் வழக்கம்.”

 வாழ்ந்துகொண்டிருப்பது என்றால் என்ன என்று தாமரை கேட்கலாம். ஜீவன் தட்டை வீசி எறிந்த நாள்களில் அவள் வாழ்ந்துகொண்டிருந்தாள், கிளினிக்கில் வேலை பார்த்துத் தன் காலில் நிற்கிற இப்போது வாழவில்லை. கேட்டால் கேசரி அடிப்பிடித்துவிடும்.

“பிரியா என்னைய கூப்பிடுறேன்னு சொன்னா அண்ணி” என்று மட்டும் சொன்னாள்.

மலர்விழியின் கரண்டி ஒரு நொடி நின்றது. பிறகு சிரித்தாள்.

“கூப்பிட்டா வாயேன். நான் வேணாம்னா சொல்லுறேன்? அது வரைக்கும் ரூம்லயே இரு. கதவ சாத்திக்க, ஏர்கான் போட்டுக்க.”

அந்தப் பின்னறை ஏர்கான் நாலு மாதமாக ஓடவில்லை என்பது மலர்விழிக்கும் தெரியும்.

*

மூன்று மணிக்கு வாசலில் காடி வந்து நின்றது. தாமரை மயில்நீலப் புடவையைக் கட்டி, தலைக்கு மல்லிகை வைத்து, கட்டிலின் ஓரத்தில் புடவை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைத்திருந்தாள். அந்த இடுக்கில் ஹாலில் தொட்டியின் ஒரு மூலையும், அதன்மேல் சாய்ந்து விழும் விளக்கும் தெரிந்தன.

“அடடே! ஃபோட்டோவுல பாத்தத விட நேர்ல ஜோரா இருக்கே!” அதுதான் மாப்பிள்ளையின் அப்பா தம்புசாமி. ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் போகிற சத்தத்திலேயே பேசிப் பழகிய குரல். “யாரு வச்சது இது?”

“எல்லாம் பிரியாதாங்க” என்றாள் மலர்விழி. “வேல முடிஞ்சி வந்தா இது ஒண்ணுதான் கவனம்.”

“அப்படியாம்மா?”

காபி டம்ளர்கள் தட்டில் கிணுகிணுத்தன. பிரியா ஹாலுக்கு வந்துவிட்டாள் என்று அர்த்தம். அத்தை வராமல் வந்துவிட்டாள் என்றும் அர்த்தம்.

“ஆமா அங்கிள்” என்றாள் பிரியா.

பரவாயில்லை என்று தாமரை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சின்னப் பெண். எல்லார் முன்னாலும் எப்படி மறுத்துப் பேசுவாள்? காபியைக் கொடுத்து முடித்துவிட்டுக் கூப்பிடுவாள்.

இளைஞன் ஒருவன் அமைதியாகக் கேட்டான். மாப்பிள்ளை சிவநேசனாகத்தான் இருக்க வேண்டும். “கோரி மட்டும் இத்தன வச்சிருக்கீங்களே, ஏன்?”

“ஒண்ணு ரெண்டா விட்டா பயந்து ஒளிஞ்சுக்கும். கூட்டமா இருந்தாத்தான் வெளிய வரும்.”

அத்தனையும் தாமரையின் வார்த்தைகள். கேட்ட நிமிஷம் அவளுக்குக் கோபம் வரவில்லை. நன்றாகச் சொன்னாள் என்று பெருமையாகவே இருந்தது. அந்தப் பெருமை கேசரி சாப்பிடுகிற நேரம்கூட நிலைக்கவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள். “உங்க வீட்டுக்காரருக்குத் தங்கச்சி ஒருத்தவங்க இருக்காங்கன்னு கேள்விப்பட்டோமே?”

“இருக்காளே!” மலர்விழி தயாராக வைத்திருந்த குரலில் சொன்னாள். “ஜொகூர்ல இருக்கா. வீட்டுக்காரருக்கு அங்க வேல மாத்தலாயிருச்சி. இன்னிக்கு வர முடியலேன்னு ஒரே வருத்தம் அவளுக்கு.”

சுகுமாறன் இருமினான். தங்கைக்காக அவனால் முடிந்தது அந்த இருமல்தான்.

தாமரை கட்டிலைவிட்டு எழுந்தாள். பின்கட்டில் இருத்தி வைப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஜொகூர் வரைக்கும் கொண்டுபோய் விடுவார்கள் என்று தெரியாது. அதுவும் ஜீவனோடு சேர்த்து.

“அத்தைகூட ரொம்ப பாசமா, மா?” என்று அந்த அம்மா பிரியாவைக் கேட்டாள்.

இதோ, இப்போது சொல்வாள். அத்தை இங்கேதான் இருக்கிறார் என்று சொல்ல வேண்டாம். சும்மா இருந்தால்கூடப் போதும். தாமரை கதவருகே போய் நின்றாள்.

“ஃபோன்ல பேசிக்குவோம் ஆன்டி” என்றாள் பிரியா.

*

தம்புசாமி மகனைக் காடிக்கு அனுப்பினார். அவன் ஒரு சிவப்புப் பையோடு திரும்பி வந்தான். வெற்றிலையும் ஆரஞ்சுப் பழமும் வைத்த தாம்பாளத்தின் நடுவில் அதை வைத்துச் சுகுமாறனிடம் கொடுத்தார்கள்.

“பிரிச்சுப் பாருங்க” என்றார் தம்புசாமி.

“ஐயோ, மீனு!” என்றாள் மலர்விழி.

“லோஹான்! நானே வளர்த்தது. நெத்தியப் பாத்தீங்களா, இப்பதான் எழும்புது. எங்க வீட்டு நல்ல காரியத்துக்கெல்லாம் லோஹான்தான் சீர். மூத்த மக வீட்டுக்கு ஒண்ணு கொடுத்தேன். மருமகனுக்கு உடனே பிரமோஷன். உங்க வீட்டுல தொட்டி இருக்குன்னு ஃபோட்டோவுல பாத்ததுமே இதத்தான் கொண்டு போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.”

 தாமரை கதவிடுக்கில் பார்த்தாள். காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் உள்ளங்கையைவிடப் பெரிய சிவப்பு மீன் சுவரைத் தேடித் திரும்பியது.

“நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள விட்டுடுங்க சம்பந்தி. எங்க கண்ணு முன்னாடி விட்டாத்தான் நெறவு.”

சம்பந்தி. அந்த ஒரு சொல்லுக்கே மலர்விழி தொட்டியில் முதலையைக்கூட விட்டிருப்பாள்.

“பிரியா” என்றான் சுகுமாறன். “விடலாம்ல?”

 தாமரையின் கை கதவின் குமிழில் இருந்தது. பிரியாவுக்குத் தெரியும். இந்த வீட்டில் தாமரையைத் தவிர அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான். மீனை மறுக்கவும் வேண்டாம். பையோடு கொஞ்ச நேரம் மிதக்க விட வேண்டும், தண்ணீர் பழக வேண்டும், அதுவரை வாளியில் இருக்கட்டும் என்று சொன்னால் போதும். அதில் பொய்கூட இல்லை. அத்தையை ஜொகூருக்கு அனுப்பிய வாய்க்கு இது என்ன பெரிய காரியம்?

“விடலாம்ப்பா” என்றாள் பிரியா.

தாமரை குமிழைத் திருகினாள். திருகிய பிறகுதான் உறைத்தது. இந்தக் கதவைத் திறந்தால் வெளியே போகிறவள் யார்? ஜொகூரில் புருஷனோடு இருப்பவள் கிள்ளானில் மயில்நீலப் புடவையில் வந்து நின்றால் அத்தனையும் உடையும். மலர்விழியின் பொய் உடைந்தால் அவளுக்குச் சந்தோஷம்தான். அதோடு பிரியாவின் கல்யாணப் பேச்சும் உடையும். பெண் வீட்டார் பொய்க்காரர்கள் என்று காஜாங் முழுக்கப் பேச்சாகும். பொய் சொன்னவள் தப்பித்துக்கொள்வாள், உண்மையாக வந்து நின்றவள்மேல்தான் பழி விழும்.

குமிழைப் பழையபடி மெல்லத் திருப்பி விட்டாள்.

தண்ணீர் கொட்டுகிற சத்தம். யாரோ கை தட்டினார்கள்.

“பாருங்க பாருங்க, வந்ததும் எப்படி வெளையாடுது!” என்றார் தம்புசாமி.

தாமரை இடுக்கில் பார்த்தாள். நியோன்கள் கூட்டமாய் மூலைக்கு ஓடி வந்தன. கூட்டம் இரண்டாகப் பிய்ந்தது. சிவப்பு மீன் ஒரு வளைவு வளைந்து திரும்பியபோது கூட்டத்தில் ஒன்று குறைந்திருந்தது.

“ரொம்ப கலகலப்பான மீனுங்க” என்றாள் மலர்விழி.

தாமரை கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். இதற்கு மேல் பார்க்க அவளால் முடியவில்லை. கட்டிலில் உட்கார்ந்து முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கசங்கினால் கசங்கட்டும்.

*

ராகு காலத்துக்கு முன்னால் கிளம்ப வேண்டும் என்று அவர்கள் அவசரமாகப் புறப்பட்டார்கள். காடிச் சத்தம் தெருவில் தேயும்வரை தாமரை காத்திருந்தாள். பிரியா ஓடி வந்து கதவைத் திறப்பாள் என்று அப்போதும் ஒரு நப்பாசை. யாரும் வரவில்லை. அவளே எழுந்து வந்தாள்.

ஹாலில் மலர்விழி வாயெல்லாம் பல்லாக இருந்தாள். “அவங்களுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு, தாமரை! பத்திரிகை அடிக்கிறது ஒண்ணுதான் பாக்கி.”

தாமரை தொட்டியின் முன்னால் குனிந்தாள். ஆண் கௌராமி வால் கிழிந்து மேலே சாய்ந்து கிடந்தது. பெண்ணைக் காணவில்லை. கோரிகள் கட்டைக்கு அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக அடைந்து கிடந்தன. எஞ்சிய நியோன்கள் ஃபில்டருக்குப் பின்னால் நிறம் வெளுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. நட்ட நடுவில் லோஹான் நின்று அவளைப் பார்த்தது.

அவள் சின்ன வலையையும் வாளியையும் கொண்டு வந்தாள். தொட்டித் தண்ணீரையே வாளியில் மொண்டு ஊற்றிக்கொண்டு, நியோன்களை ஒவ்வொன்றாக எடுத்து விட்டாள்.

“அதுங்கள ஏன் எடுக்கிறே?” என்றாள் மலர்விழி. “இந்தப் பெரிச பக்கெட்ல போட்டா ஆச்சு.”

“அது சீர் அண்ணி. சம்பந்தி கொடுத்தது. அது தொட்டியில இருக்கட்டும். கொஞ்ச நாளைக்குன்னு வந்ததுங்க வெளிய போகட்டும்.”

மலர்விழியின் சிரிப்பு முதல் தடவையாகக் கொஞ்சம் கோணியது. சுகுமாறன் தன் இடுப்பைத் தடவிக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

பிரியா அவள் பக்கத்தில் வந்து தரையில் மண்டியிட்டாள். கண் சிவந்திருந்தது. “அத்தை, சாரி அத்தை. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வாயே வரல. அம்மா நேத்தே சொல்லி வச்சிட்டாங்க, ஜொகூர்னு சொல்லணும்னு. நான் காலையிலயே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்...”

தாமரையின் கை நின்றது. நேற்றே. அப்படியென்றால் காலையில் இதே தொட்டிப் பக்கத்தில் நின்று, முருகன் பேரைச் சொல்லி, மயில்நீலப் புடவையைக் கட்டிக்கொள்ளச் சொன்னபோது, அவளுக்கு எல்லாம் தெரியும்.

மலர்விழி செய்தது அவளுக்கு வலிக்கவில்லை. அண்ணனின் இருமல் பழகிப்போன ஒன்று. இந்தப் பெண் செய்ததுதான் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. இந்த வீட்டில் தனக்கென்று ஒரு ஆள் உண்டு என்று நினைத்துத்தான் அவள் இத்தனை நாளும் சாப்பிட்டாள், தூங்கினாள், எழுந்தாள்.

“அத்தை, ஏதாவது பேசுங்க.”

தாமரை கடைசிக் கோரியை வாளியில் விட்டாள். வலையைத் தொட்டியின் விளிம்பில் தட்டி உதறினாள்.

“ஃபோன்ல பேசிக்கலாம், பிரியா” என்றாள்.

பிரியா விம்மி அழுதாள். முதல் மீன்கள் செத்த அன்றைக்கும் இப்படித்தான் அழுதாள். அன்றைக்குத் தாமரை அவளைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கு இரண்டு கையாலும் வாளியைத் தூக்க வேண்டியிருந்தது.

“எங்க போறே?” என்றான் சுகுமாறன்.

“மீன்கடைக்கு. கடைக்கார தவுக்கே கொஞ்ச நாளைக்கு வச்சிருப்பாரு.”

“நீ?”

அண்ணன் ஒன்றரை வருஷத்தில் அவளைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. தாமரை வாளியோடு வாசலுக்கு நடந்தாள்.

*

வாசல் கேட்டைத் திறக்கும்போதே அந்தக் காடி திரும்பி வந்து நின்றது. சிவநேசன் மட்டும் இறங்கினான். அப்பா அம்மாவை முனைக்கடையில் தேத்தண்ணீர் குடிக்க இறக்கிவிட்டு வந்திருக்கிறான் போலிருந்தது.

“அம்மா ஹேண்ட்ஃபோன விட்டுட்டு வந்துட்டாங்க” என்று வீட்டைப் பார்த்துச் சொன்னவன் அவள் கையிலிருந்த வாளியைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

வாளியில் கௌராமி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

“எனக்குத் தெரியும் ஆன்டி” என்றான் தணிந்த குரலில். “லோஹான இதுங்ககூட விடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும். அப்பா அவ்வளோ ஆசையா கொண்டு வந்தாரு. எல்லார் முன்னாலயும் எப்படி சொல்றதுன்னு...”

தாமரை அவனை ஏற இறங்கப் பார்த்தாள். நல்ல முகம். மரியாதையான பேச்சு. தெரிந்தும் வாய் திறக்காதவன். உள்ளே ஹாலில் இன்னொருத்தி. இதற்கு எந்த ஜோசியரும் வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றியது.

“நல்ல பொருத்தம்தான் தம்பி” என்றாள்.

அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் புடவையையும் தலையில் வாடத் தொடங்கியிருந்த மல்லிகையையும் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

“ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே? பிரியாவோட ஃபோட்டோவுல தொட்டிக் கண்ணாடியில ஒரு ஆளு தெரிஞ்சாங்க. கையில ஃபோனோட. பெருசாக்கிப் பாத்தேன். அது நீங்கதான். அந்தத் தொட்டியும் உங்களோடதுதானே? நீங்க யாரு ஆன்டி?”

தாமரை திரும்பிப் பார்த்தாள். வாசற்படியில் மலர்விழி, மறந்துபோன கைப்பேசியைக் கையில் பிடித்தபடி வெளிறிப்போய் நின்றாள். அவளுக்குப் பின்னால் பிரியா. பிரியாவின் கண்கள் தாமரையைக் கெஞ்சின. ஜொகூர் என்று சொல்லச் சொல்லிக் கெஞ்சினவா, உண்மையைச் சொல்லச் சொல்லியா, தெரியவில்லை. காலையில் அந்தக் கண்களை அவள் நம்பினாள். இனிமேல் அவற்றைப் படிக்க அவளுக்கு வராது.

ஒரே ஒரு வார்த்தை போதும். எந்த வார்த்தை என்றாலும் அது பிரியாவின் வாழ்க்கை. அந்தப் பாரத்தையும் தானே சுமக்க வேண்டுமா? வாளியே கனத்தது.

“அத பிரியாகிட்ட கேளுங்க தம்பி” என்றாள். “அவளுக்குத் தெரியும்.”

கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி நடந்தாள். வாளித் தண்ணீர் தளும்பி மயில்நீலப் புடவையை நனைத்தது. பின்னால் அவன் கேட்பது காதில் விழுந்தது. “பிரியா, யாரு அவங்க?”

திரும்பக் கூடாது என்று தாமரை நினைத்துக்கொண்டாள். திரும்பவில்லை. நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள். சொல்வதற்கு இருந்தது ஒரு வார்த்தை. அத்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

தெருமுனை வரைக்கும் எதுவும் கேட்கவில்லை.